கீழ்வீட்டு ஹியூ பேசியது

சனிக்கிழமை கபானைத் திறக்கப்போகிறார்கள். அதைவிட, அங்கே யார் எங்கே உட்காருவது என்பதுதான் அந்த மாதம் முழுக்க எங்கள் ஊரில் பேச்சாக இருந்தது.

கபான் என்பது சிலேட்டுக் குவாரி ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கூடிய கல் குடிசை. நடுவில் அடுப்பு, சுவரோரம் சுற்றிலும் பலகை. சாப்பாட்டோடு தலைவர், செயலாளர் வைத்துக் கூட்டமும் போடுவார்கள்; விவாதம், கவிதை எல்லாம் நடக்கும். கூரை விழுந்து ஆடுகள் மழைக்கு ஒதுங்கிக்கொண்டிருந்த அந்தக் குடிசையை எங்கள் ஊர்ச் சங்கம் இரண்டு வருஷம் பாடுபட்டுத் தூக்கி நிறுத்தியிருந்தது. அந்தக் காலத்தில் அங்கே அவரவர் இடம் அவரவருக்கு. அடுத்தவன் இடத்தில் உட்கார்ந்துவிட்டவனோடு ஒரு வாரம் யாரும் பேச மாட்டார்களாம். அதனால் திறப்பு நாளில் பேரப்பிள்ளைகள் தங்கள் தாத்தா உட்கார்ந்த இடத்திலேயே உட்காரட்டும் என்று சங்கத்தில் ஒரு யோசனை வந்தது. யோசனை சொன்னது என் கணவர் இட்வல். சொன்ன கையோடு, தலைவர் உட்கார்ந்த இடம் தனக்குத்தான் என்றும் சொல்லிவிட்டார்.

"உனக்கா?" என்று பின்வரிசையிலிருந்து கொரோன்வி எழுந்தார்.

"எனக்குத்தான். எங்க தாத்தா ஹியூ ராபர்ட்ஸ்தானே கபான் தலைவர்?"

"ஹியூ ராபர்ட்ஸ்தான். ஆனா எங்க ஹியூ ராபர்ட்ஸ்."

எங்கள் பள்ளத்தாக்கில் மழைக்குப் பஞ்சமில்லை, பெயருக்குப் பஞ்சம். இட்வலுடைய அப்பாவின் அப்பா ஹியூ ராபர்ட்ஸ். கொரோன்வியுடைய அம்மாவின் அப்பாவும் ஹியூ ராபர்ட்ஸ். இரண்டு பேரும் ஒரே குவாரி, ஒரே கபான். "கபான் தலைவர் ஹியூ ராபர்ட்ஸ் நன்றி கூறினார்" என்று 1905இல் செய்தித்தாளில் ஒரே ஒரு வரி வந்தது. அந்த வரியைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டு எங்கள் வீட்டிலும் மாட்டியிருக்கிறோம், கொரோன்வி வீட்டிலும் மாட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பேரும் நாற்பது வருஷமாக இந்த ஒரு வரிக்காகச் சண்டை போடுகிறார்கள்.

கொரோன்விக்கு அது விளையாட்டு. அவரிடம் தாத்தாவின் போட்டோ இருக்கிறது, கைத்தடி இருக்கிறது, அம்மா சொன்ன கதைகள் இருக்கின்றன. இட்வலுக்கு அப்படியில்லை. இவர் தாத்தா இறந்தபோது இவருடைய அப்பாவுக்கு ஆறு வயது. போட்டோ கிடையாது, கடிதம் கிடையாது. தாத்தாவுக்கு வலது கையில் மூன்று விரல் ரம்பத்தில் போயிற்று, தாத்தா கபான் தலைவர். இந்த இரண்டு செய்திக்கு மேல் என் மாமனாருக்கும் தெரியாது.

"அப்படி என்ன பிடிவாதம் உனக்கு? அந்த இடத்தைக் கொரோன்விக்கு விட்டுக்குடுத்தாத்தான் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "தலைவர்னு இல்லேன்னா அவரு எனக்கு யாரு, நெஸ்தா? மூணு விரல் இல்லாத ஒரு ஆளு. அவ்ளோதான்."



புதன்கிழமை டோல்கெத்லாய் ஆவணக் காப்பகத்திலிருந்து ஹெலெத் என்ற பெண் போன் செய்தாள். மூடிப்போன ஒரு தேவாலயத்தின் அலமாரியிலிருந்து எங்கள் கபானின் கூட்டக் குறிப்பேடு வந்திருக்கிறதாம். 1902லிருந்து 1907 வரை. பார்க்க வருகிறீர்களா என்றாள். இட்வல் அப்போதே சட்டையை மாட்டப் பார்த்தார். மணி மாலை ஐந்து.

"நாளைக்குப் போலாம். கொரோன்வியையும் கூட்டிட்டுப் போவமா?" என்றேன்.

"எதுக்கு? நான் ஜெயிக்கறதைப் பாத்து அவன் அழறதுக்கா?"

"சாட்சிக்கு."

"நீ இருக்கியே. உன்னைவிட எனக்கு எதிரா யாரு சாட்சி சொல்லப்போறா?"

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் போனோம். காப்பகத்தில் பையை வெளியே பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னாள் ஹெலெத். பேனா கூடாது, பென்சில் மட்டும். ஃபிளாஸ்க்கும் உள்ளே கூடாது.

"ஏற்கெனவே குடிச்சு உள்ளே இருக்கறதை என்ன பண்றது?" என்று கேட்டார் இட்வல்.

"அது இருக்கட்டும். சிந்தாம பாத்துக்குங்க," என்றாள் அந்தப் பெண்.

ஒரு மெத்தை மாதிரித் திண்டின் மேல் குறிப்பேட்டை விரித்து வைத்தாள். கறுப்பு அட்டை, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. இட்வல் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அதனால் நான்தான் படிக்க வேண்டியதாயிற்று. செயலாளராக இருந்தவர் கெட்டிக்காரர். கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று வார்த்தைக்கு வார்த்தை எழுதி வைத்திருந்தார். பெயர்ப் பஞ்சம் தெரிந்தவர் போலிருக்கிறது, ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் வீட்டின் பெயரையும் எழுதியிருந்தார்.

முதல் பக்கத்தின் முதல் வரியை மனதுக்குள் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

"என்ன, எழுத்து புரியலியா?"

"புரியுது. 'தலைவர் இடத்தில் ஹியூ ராபர்ட்ஸ், பாலத்தடி வீடு.'"

பாலத்தடி வீடு கொரோன்வியின் அம்மா பிறந்த வீடு. நாங்கள் இருப்பது கீழ்வீடு. இட்வலின் தாத்தா காலத்திலிருந்து கீழ்வீடுதான்.

"அடுத்த வருஷத்தைப் பாரு," என்றார் இட்வல்.

பார்த்தேன். பாலத்தடி. அதற்கடுத்த வருஷமும் பாலத்தடி. ஐந்து வருஷமும் பாலத்தடி.

"நம்ம ஆளு எங்கேயாவது இருக்காரா?"

இருந்தார். முதல் பக்கத்தின் அடியில், பொறுப்பாளர்கள் பட்டியலில் கடைசியாக இருந்தார். 'கெட்டில்: ஹியூ ராபர்ட்ஸ், கீழ்வீடு.'

விரல் போன பிறகு அவரால் உளி பிடித்துச் சிலேட்டைப் பிளக்க முடிந்திருக்காது. மற்றவர்களுக்கு முன்னால் வந்து அடுப்பை மூட்டித் தண்ணீர் கொதிக்க வைக்கும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

இட்வல் எழுந்தார். "கிளம்பு நெஸ்தா. பஸ் போயிடும்."

"பஸ் நாலரைக்குத்தான்."

"மழை வேற பெய்யுது."

"உள்ளே பெய்யலியே."

ஜன்னலருகே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அம்பது வருஷம் பார்த்த முதுகு அது. பேசினால் இன்னும் விறைக்கும். அதனால் நான் பாட்டுக்குப் பக்கத்தைத் திருப்பினேன். ஒரு பக்கம் படித்தேன், இன்னொரு பக்கம் படித்தேன். மூன்றாவது பக்கத்தில் என்னை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. ஹெலெத் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சிரிப்பு?" என்றது முதுகு.

"உங்க தாத்தா."

"அவருக்கென்ன?"

"கேளு. 'தேநீர் தண்ணியாக இருப்பதாக ஓவன் எல்லிஸ் புகார் சொன்னார். கீழ்வீட்டு ஹியூ ராபர்ட்ஸ்: போன வாரம் நீ படிச்ச கவிதையை நாங்க எல்லாரும் பொறுத்துக்கிட்டோமே, அதைவிடவா தண்ணி? சிரிப்பு. தலைவர்: அமைதி.'"

முதுகு கொஞ்சம் திரும்பியது.

"இன்னொண்ணு இருக்கு. 'விவாதம்: பிரசங்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகலாமா? கீழ்வீட்டு ஹியூ ராபர்ட்ஸ்: முதல் அரை மணி கடவுளுக்கு, அடுத்த அரை மணி போதகருக்கு. அதுக்கு மேல பேசினா அது அடுப்புல இருக்கற ஆட்டுக்கறிக்குச் செய்யற துரோகம். சிரிப்பு. தலைவர்: அமைதி.'"

இட்வல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நிஜமா அப்படித்தான் எழுதியிருக்கா? நீயா சேக்கலியே?"

"எனக்கு இவ்வளவு வாய் இருந்தா உன்கிட்ட அம்பது வருஷம் தோத்துக்கிட்டு இருப்பனா?"

அதற்குப் பிறகு பஸ்ஸைப் பற்றி அவர் பேசவில்லை. நான் படிக்கப் படிக்க மேஜையில் கைமுட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். குவாரிக்கு வந்த புது மேலாளரின் தொப்பியைப் பற்றித் தாத்தா பேசினார். கேட்பதா பார்ப்பதா, எது போனால் பெரிய நஷ்டம் என்ற விவாதத்தில், "கல்யாணமானவன் ஒரு பக்கம், ஆகாதவன் ஒரு பக்கம் உக்காந்து ஓட்டுப் போடணும்" என்றார். அவர் வாயைத் திறக்காத கூட்டமே இல்லை.

1905 மார்ச் மாதம் வந்தது. நான் முதலில் மனதுக்குள் படித்துவிட்டு, இட்வலின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன? கெட்டிலையும் பிடுங்கிட்டாங்களா?"

"பேசாம கேளு. 'நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று கீழ்வீட்டு ஹியூ ராபர்ட்ஸ் அனுமதி கேட்டார். செவ்வாய்க்கிழமை அவருக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. உன்னை மாதிரியே இருக்கிறானா என்று கேட்டார்கள். ஹியூ ராபர்ட்ஸ்: எங்கே! பத்து விரலையும் எண்ணிப் பாத்துட்டேன், சரியா இருக்கு. அவங்கம்மா மாதிரின்னு வெச்சுக்க வேண்டியதுதான். எல்லோரும் கைதட்டினார்கள்.'"



"அது எங்கப்பா," என்றார் இட்வல்.

"ஆமா."

"எங்கப்பா விரலை எண்ணியிருக்காரு."

"எண்ணியிருக்காரு."

"இன்னொரு தடவை படி."

படித்தேன். மூன்றாவது தடவையும் கேட்டார். படித்தேன். ஹெலெத் எழுந்து போய் எங்களுக்குக் காகிதமும் கூர் சீவிய இரண்டு பென்சிலும் கொண்டுவந்து வைத்தாள். பஸ் நேரம் வரைக்கும் எழுதி எடுத்தோம். மொத்தம் பதினொரு தாள்.

திரும்பும் பஸ்ஸில் அவர் மனம் எப்படியிருக்கிறது என்று பார்க்க மெதுவாகச் சொன்னேன்: "சனிக்கிழமை முடியற வரைக்கும் சொல்லாம இருந்தாலும் யாருக்கும் தெரியப்போறதில்ல."

"எனக்குத் தெரியுமே. தெரிஞ்சும் அந்த இடத்துல உக்காந்தா, எங்க தாத்தாவே எங்கிட்ட ஒரு வாரம் பேச மாட்டாரு. இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்காரு."

பஸ்ஸை விட்டு இறங்கினதும் வீட்டுக்குப் போகாமல் நேராகப் பாலத்தைத் தாண்டினார். பின்னாலேயே நானும் போனேன். கொரோன்வி கதவைத் திறந்தார். வாயில் திராட்சை ரொட்டி.

"நீதான்டா," என்றார் இட்வல்.

"நான் என்னடா பண்ணேன்?"

"உங்க தாத்தாதான் தலைவர். அஞ்சு வருஷமும் அவர்தான். எங்க ஆளு கெட்டில்."

கொரோன்வி குதிப்பார் என்று நினைத்தேன். மனிதர் ரொட்டியை மென்று முடித்து, எங்களை உள்ளே கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தானும் உட்கார்ந்தார். நாற்பது வருஷச் சண்டை ஒரு வரியில் முடிந்துபோனதில் அவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"சரி, எங்க தாத்தா என்ன பேசியிருக்காரு? படி, கேப்போம்."

இட்வல் தாள்களைப் புரட்டினார். "'அமைதி'ங்கறாரு."

"அப்புறம்?"

"'அடுத்தது'ங்கறாரு."

"அப்புறம்?"

"மறுபடியும் 'அமைதி'."

"அஞ்சு வருஷமாவா?"

"இரு, இரு. ஒரு தடவை 'கதவைச் சாத்துங்க, குளிருது'ன்னிருக்காரு."

"உங்க தாத்தா?"

இட்வல் பதினொரு தாளையும் மேஜை மேல் விரித்தார். கொரோன்வி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். ஓவன் எல்லிஸ் கவிதைக்குச் சிரித்தார், ஆட்டுக்கறிக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். விரல் எண்ணிய இடம் வந்ததும் தாளை மெதுவாக வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அடேய், எங்க தாத்தா 'அமைதி அமைதி'ன்னு கத்தினதெல்லாம் உங்க தாத்தாவைப் பாத்துத்தான்டா!"

"பின்னே? கடமையைச் செஞ்சிருக்காரு, பாவம்."

"மாத்திக்கலாமா? தலைவர் பதவியை நீ எடுத்துக்க. இவரை எனக்குக் குடு."

"போடா," என்று தாள்களை வாரி எடுத்துக்கொண்டார் இட்வல். அவ்வளவு செல்லமாக அந்த வார்த்தையை என்னிடம்கூட அவர் சொன்னதில்லை.

சனிக்கிழமையும் மழை. கபானுக்குள் நாற்பது பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். கதவுக்கு நேரெதிரே இருந்த தலைவர் இடத்தில் கொரோன்வி டை கட்டிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். சங்கச் செயலாளர் மெய்னிர் பட்டியலோடு ஒவ்வொருவராக இடம் காட்டிக்கொண்டு வந்தாள்.

"இட்வல், உங்களுக்கு எந்த இடம்னு போடறது?"

"எங்களுக்கு இடம் கிடையாதும்மா. நாங்க நிக்கற ஆளுங்க. அடுப்புப் பக்கம்."

"எவ்வளவு நேரம் நிப்பீங்க? இந்த மூலையில கொஞ்சம் இடம் இருக்கு, நகரச் சொல்றேன்."

"வேணாம். அது வேற யாரோ தாத்தாவோட இடம்."

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்று பையிலிருந்து தாள்களை எடுத்தார். இந்த முறை கண்ணாடியை மறக்கவில்லை. கூட்டத்துக்கு முன்னால் நின்று எதையும் படித்தே இராத மனிதர். சங்கத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டு வார்த்தை போடுவாரே தவிர, எழுந்து நின்று பேசினதில்லை. அன்றைக்குப் படிக்க ஆரம்பித்தார். முதல் சிரிப்பு வந்ததும் அவருக்குக் குரல் பெரிதாயிற்று. இரண்டாவது சிரிப்பு வந்ததும் தாளைப் பார்க்காமலே சொன்னார். செவ்வாய்க்கிழமை பிறந்த குழந்தையிடம் வந்ததும் தன் கையை விரித்து ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டினார். அது குறிப்பேட்டில் இல்லை. அவரே சேர்த்துக்கொண்டது.

எல்லோரும் தேநீர் குடித்துப் பலகைகள் காலியாகத் தொடங்கிய பிறகும் அவர் நின்றுகொண்டேயிருந்தார். "கொஞ்சம் உக்காரேன், கால் வலிக்கலியா?" என்று கேட்டேன்.

"இல்ல நெஸ்தா," என்றார். யாரோ நீட்டிய கோப்பையை வாங்கிக்கொண்டு கெட்டிலைத் தூக்கினார். "நல்லாத்தான் நிக்கிறேன்."