எல்ராயின் தலைக்கு மேலே

சட்டத்துக்கு என் புருஷன் கிரான்வெலைப் போல நடுங்குகிற ஆளை எங்கள் ஊரிலேயே பார்க்க முடியாது. ஆசைப்பட்டு வாங்கிய ட்ரோன் பாதி நாள் பெட்டிக்குள்தான் கிடக்கும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கூடாது, சிறைச்சாலைக்கு மேல் கூடாது, ஆட்களிடமிருந்து ஐம்பது மீட்டராவது தள்ளிப் பறக்க வேண்டும் என்று போனில் வரைபடத்தைத் திறந்து சிவப்பு வட்டங்களாகக் காட்டுவான். சர்ச் பஜாரைப் படமெடுத்துத் தரும்படி பாஸ்டர் கேட்டதற்கே கையை விரித்தவன்.

"மச்சான், பேசாம ஒம் பொம்மைய கோழிக்கூண்டுக்குள்ள பறக்கவிடு. எவனும் கேக்கமாட்டான்" என்று என் தம்பி எல்ராய் ஓட்டுவான்.

"கோழிக்கும் அம்பது மீட்டர்தான்டா" என்பான் இவன், சிரிக்காமல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்ராய் தனியாக மலையேறப் போனான். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆளைக் காணோம். அப்புறம் போன் வந்தது. "அக்கா, பாறை உருண்டு கால் மாட்டிக்கிச்சு. அசைக்க முடியல." அதோடு போன் செத்துப்போனது. மீட்புப் படைக்குச் சொன்னோம். ஹெலிகாப்டர் அனுப்புகிறோம், எந்தப் பள்ளத்தாக்கு என்று கேட்டார்கள். யாருக்குத் தெரியும்?

அந்த மலை முழுக்கக் காப்புக்காடு, வரைபடத்தில் ஒரே சிவப்பு. கிரான்வெல் அன்று அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பி மறுபடி கூப்பிட்டால் எடுக்கட்டும் என்று என் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நானும் ஓடினேன். அடிவாரத்தில் காரை நிறுத்தி ட்ரோனை ஏற்றினான். மூன்றாவது பள்ளத்தாக்கில் எல்ராயின் ஆரஞ்சுச் சட்டை தெரிந்தது. ட்ரோனைப் பார்த்துக் கையை ஆட்டினான். நான் வாய்விட்டு அழுதேன்.

கிரான்வெல் மீட்புப் படையிடம் இடத்தைச் சொன்னான். சொன்ன கையோடு, அழைப்பு ஏதும் வராதபடி போனை மாற்றிவைத்தான். ட்ரோன் எடுக்கும் படம் அந்தப் போனில்தான் வரும், யாராவது கூப்பிட்டால் படம் அறுந்துவிடும் என்பதால் எப்போதும் செய்கிற வேலைதான்.

"எறக்க மாட்டேன். அவன் தலைக்கு நேரா நிறுத்துறேன். அதைப் பாத்து வந்துருவாங்க" என்றான்.

ஹெலிகாப்டர் வந்தது. பள்ளத்தாக்கை நெருங்கிச் சட்டென்று திரும்பித் தூரத்தில் வட்டமடித்தது.

"தெரியல போல" என்று சொல்லி ட்ரோனை இன்னும் உயரத் தூக்கினான் கிரான்வெல். ஹெலிகாப்டர் இன்னும் விலகிப் போனது. அதற்குள் முகட்டைத் தாண்டி மேகம் இறங்கிவிட்டது. ஹெலிகாப்டர் வந்த வழியே போய்விட்டது.

ஜீப்பில் வந்து இறங்கிய போலீஸ்காரர் கத்தினார். "யாருய்யா ட்ரோன் விட்டது? அது ஹெலிகாப்டர் விசிறியில பட்டா உள்ள இருக்குற அத்தன பேரும் காலி. மீட்பு நடக்குற எடத்துல ட்ரோன் நின்னா அவங்க கிட்டவே வரமாட்டாங்க. போனாவது எடுக்கக் கூடாதா?"

"நாங்களும் தேடுறவங்கதானே சார்..." என்றான் கிரான்வெல். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஆட்கள் நடந்தே ஏறி எல்ராயைத் தூக்கிவரும்போது விடிந்துவிட்டது. கேப் டவுன் ஆஸ்பத்திரியில் நசுங்கிய காலை முழங்காலோடு வெட்டி எடுத்தார்கள். முன்னமே வந்திருந்தால் கால் பிழைத்திருக்கும் என்றார் டாக்டர். கிரான்வெலை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

பார்க்கப் போனபோது எல்ராய் சிரித்தான். "ஒம் பொம்மையப் பாத்ததும் பொழச்சேன்னு நெனச்சேன் மச்சான். அந்த ஹெலிகாப்டர்காரனுக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு."

"மேகம்டா" என்று முந்திக்கொண்டேன்.

"மேகம் அப்புறந்தான் வந்துச்சு" என்றான் கிரான்வெல். "என் ட்ரோன் அங்க நின்னதாலதான் அவங்க வரல."

எல்ராய் அவனையே பார்த்தான். "எறக்கியிருக்கலாமே மச்சான்."

"எறக்கினா நீ அங்க தனியாக் கெடப்பியேன்னு நெனச்சேன்டா."

எல்ராய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அக்கா, அவரக் கூட்டிட்டுப் போ" என்றான்.