சிரிக்கிற பேய்

சயாமிலிருந்து உயிரோடு திரும்பிய என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். அதுதான் எனக்கு முதல் ஆத்திரம்.

எங்கள் எஸ்டேட்டுக்குப் பக்கத்து லாபிஸ் ஸ்டேஷனில் யாரோ இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். ரயில் ரோடு போட ஜப்பான்காரன் சயாம் காட்டுக்குப் பிடித்துக்கொண்டு போனபோது நிலைவாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. இப்போது கோணிச்சாக்கில் எலும்பைப் போட்டுக் கட்டின மாதிரி வாசலில் நின்றார். "நம்ம புள்ள காய்ச்சல்ல போயிடுச்சுங்க" என்று நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"பெத்த புள்ள செத்ததுக்கு எதுக்குய்யா சிரிக்கிற? உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

நான் கத்தக் கத்த அந்தச் சிரிப்பு அகலமாகிக்கொண்டே போனது. அதில் சத்தம் இல்லை. கண்ணில் ஒரு துளி சிரிப்பில்லை. உதடு மட்டும் பின்னால் இழுபட்டு ஈறு வரைக்கும் தெரிந்தது.

வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரில் முதுகை ஒட்டிக் குந்தியே இருப்பார். யாராவது அவர் தட்டைப் பார்த்தால் போதும், மரவள்ளிக்கிழங்கை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டுப் பல்லைக் காட்டுவார். தூங்கும்போதும் அந்த வாய் மூடாது. நான் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். என் புருஷனைக் காட்டில் புதைத்துவிட்டு எவனோ அவர் தோலைப் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறானோ என்று நினைத்தேன். எஸ்டேட் லயத்து வீடுகளில் எல்லாரும் அதையேதான் பேசினார்கள்.

எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வைத்தியலிங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரர். என் வீட்டுக்காரரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"சும்மா இருக்கேக்கையே ஓடி வந்த ஆள் மாதிரி நாடி அடிக்குது, பிள்ளை. பயம் வந்தால் சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பி ஒரு நீரைச் சுரக்கும். ஓடு, இல்லாட்டி அடங்கிப் போ எண்டு அது உடம்பைத் தயார் பண்ணும். பயம் போனால் அதுவும் நிக்க வேணும். இவருக்கு நிக்கேல்லை."

"வீட்டுக்குள்ளதானேங்க இருக்காரு? இங்க என்ன பயம்?"

"அது அவரின்ர மூளைக்குத் தெரியேல்லையே. மருந்தும் என்னட்ட இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகுதான் அய்யாவு பூசாரி வந்தார். என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா முறை. சின்ன வயதில் இவரைத் தோளில் தூக்கி வளர்த்தவர். சிரித்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கே கண் கலங்கிவிட்டது.

"சயாம்ல செத்தவன் ஒருத்தனா ரெண்டு பேரா? எவனோ நம்ம செல்லப்பன் மேல ஒட்டிக்கிட்டு வந்துட்டான். வெள்ளிக்கிழமை முனியாண்டி கோயில்ல வச்சு ஓட்டிடுறேன். அது சிரிப்பை நிறுத்துற வரைக்கும் பிரம்பு நிக்காது."

"இந்த உடம்பு தாங்குமா மாமா?"

"அடி இவனுக்கு இல்லம்மா, பேய்க்கு."

அடி யாருக்கு விழுந்தாலும் தோல் ஒன்றுதானே என்று கேட்க வாய் வந்தது. பெரியவரிடம் எப்படிக் கேட்பது?

வெள்ளிக்கிழமை காலை கிழங்குத் தோட்டத்தில் எனக்குக் காவல். காட்டிலிருந்து குரங்குகள் வரும். தகரத்தைத் தட்டி விரட்ட வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு ஒரு பெரிய கடுவன் குரங்கு தலைவன். அன்றைக்கு ஒரு இளங்குரங்கு அதற்கு முன்னால் கிழங்கைப் பிடுங்கிவிட்டது. கடுவன் ஒரே பாய்ச்சல். இளங்குரங்கு கிழங்கைப் போட்டுவிட்டுத் தரையோடு தரையாக ஒடுங்கிற்று. உதட்டைப் பின்னால் இழுத்து, ஈறு வரைக்கும் பல்லைக் காட்டிற்று.

சத்தமில்லை. கண்ணில் சிரிப்பில்லை. வீட்டில் பார்க்கிற அதே வாய்.

கடுவன் போன பிறகும் அதன் வாய் மூடவில்லை. ஒரு கிழட்டுப் பெண்குரங்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அதன் முதுகு மயிரைப் பிரித்துப் பேன் பார்க்க ஆரம்பித்தது. பார்க்கப் பார்க்க அந்தக் குட்டியின் தோள் தளர்ந்தது, வாய் மூடிற்று. நான் தகரத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன்.

ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார்கள். உடுக்கை அதிர்ந்தது. நடுவில் என் புருஷன் மண்ணில் ஒடுங்கிக் கிடந்தார். முதுகில் ரத்தம். பிரம்பு ஓங்க ஓங்கப் பல் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

"போறியா, இல்லையா? இன்னுமா சிரிக்கிற?" என்று பூசாரி அழுதுகொண்டே அடித்தார்.

"மாமா, நிறுத்துங்க! அது சிரிப்பு இல்ல, பயம்! நீங்க அடிக்க அடிக்கப் பயப்படுறாரு, பயந்தா பல்லைக் காட்டுறாரு. செத்தாத்தான் அந்த வாய் மூடும்!"

"பேய் இப்ப கருப்பாயி வாயால பேசுது. அவளைப் பிடிங்கடி" என்றார். ரெண்டு பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிரம்பு மறுபடி உயர்ந்தது.

அப்போதுதான் செம்மண் ரோட்டில் ஜப்பான்காரன் லாரி வந்து நின்றது.

உடுக்கை நின்றது. எல்லாரும் இடுப்பு வரை குனிந்தோம். ஒரு சிப்பாய் இறங்கி வந்தான். தரையில் கிடந்தவரைப் பூட்ஸ் காலால் தள்ளிப் பார்த்தான். படையலுக்குக் கட்டியிருந்த சேவலை அவிழ்த்துக்கொண்டு போய் ஏறிக்கொண்டான். நான் குனிந்தபடியே ஓரக்கண்ணால் பார்த்தேன். உடுக்கைக்காரர் வாயில் பல். என்னைப் பிடித்திருந்த பெண்கள் வாயில் பல். பூசாரியின் உதடு பின்னால் இழுபட்டு, வெற்றிலைக்காவி ஈறு வரைக்கும் தெரிந்தது. லாரிச் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் அது மூடவில்லை.

நான் கையை உதறிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, உங்க வாயைத் தொட்டுப் பாருங்க. உங்களுக்கு எந்தப் பேய்? பிரம்பைக் குடுங்க, நான் ஓட்டுறேன்."

அவர் விரலால் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். பிரம்பு கையிலிருந்து விழுந்தது. பிறகு அவர் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

என் புருஷனை வீட்டுக்குக் கூட்டிவந்து, முதுகில் மஞ்சள் பூசி, என் முழங்காலுக்கு நடுவில் அவரை உட்கார வைத்தேன். தலையில் பேன் பார்த்தேன். வெயில் தாழ்ந்தது. கழுத்தில் துடித்துக்கொண்டிருந்த நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிற்று. பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். வாய் மூடியிருந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஏ புள்ள" என்று என்னைக் கூப்பிட்டார். சயாமிலிருந்து வந்த பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது.

"சொல்லுங்க."

"லாரி வந்தப்ப நீயும் சிரிச்ச."

என் விரல் அவர் தலைமயிருக்குள்ளேயே நின்றுவிட்டது. கன்னம் வலித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஆமாங்க" என்றேன். "சிரிச்சேன்."

அவர் மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தார். என் கொண்டையை அவிழ்த்தார்.

"தலையைக் குனி" என்றார்.