ஆறாவது பாட்டில்

எங்கள் சலவை நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு முயன்றும் ஒரு துணியில் கறை போகவில்லையென்றால், அந்த இடத்தில் 'போகவில்லை' என்று எழுதிய சின்ன மஞ்சள் சீட்டைக் குத்தி, கறை மேலே தெரியும்படி மடித்துக் கொடுப்போம். உள்பக்கமாக மறைத்து மடித்த ஓர் ஆளை என் அப்பா அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருக்கிறார். நாற்பத்தாறு வருடமாக அந்தச் சீட்டை எழுதுகிறவன் நான். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் முழுக்க எங்களிடம்தான் வெளுக்க வருகின்றன. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

என் தங்கை, எங்கள் எல்லோருக்கும் கடைக்குட்டி, ஐம்பத்தொரு வயதில் கல்லூரியில் சேர்ந்தாள். எனக்கு அதில் சம்மதமில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு பையைத் தூக்கிக்கொண்டு போவது நம் குடும்பத்துக்கு அழகா?

"சுற்றுச்சூழல் அறிவியல் அறிமுகம்னு ஒரு பாடம், அண்ணா. வாரத்துல ரெண்டே நாள்."

"அறிமுகமா? அம்பது வருஷமா அதுக்குள்ளதானே இருக்க. இன்னுமா அறிமுகம் ஆகல?"

"பாத்திருக்கோம். பேசிக்கிட்டதில்ல."

வாய் மட்டும் எப்போதும் அவளுக்குக் கூர்மை.

முதல் செய்முறைப் பாடத்துக்கு ஆறு கண்ணாடிப் பாட்டில்களை வீட்டுக்கு எடுத்து வந்தாள். எங்கள் நிலையத்துக்குப் பின்னால் ஓடும் ஓடையில் ஐந்து இடங்களில் தண்ணீர் எடுக்க வேண்டுமாம். எங்கள் கழிவுக் குழாய்க்கு மேலே இரண்டு இடம், குழாயை ஒட்டிக் கீழே ஒன்று, இன்னும் தள்ளி இரண்டு. ஆறாவது பாட்டிலில் கடையில் கேனாக வாங்கிய, எதுவும் கலக்காத வடிநீரை ஊற்றி, சும்மா கூடவே கொண்டுபோய்க் கொண்டுவருவார்களாம்.

"அது எதுக்கு? தண்ணிக்கு ஊர் சுத்திக் காட்டவா?"

"அது எங்களைச் சோதிக்கறதுக்கு அண்ணா. ஓடைல இல்லாதது எங்க கையில இருந்து ஒட்டிக்கிச்சான்னு அதுதான் சொல்லும்."

பாட்டில்களைப் பார்த்தேன். கழுத்தில் தூசி, அடியில் வெள்ளைப் படிவம். இதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுப் பெண் நாலு பேர் முன்னால் போய் நிற்பதா? மருத்துவமனை விரிப்புகளுக்கென்று வைத்திருக்கும் உயர்ந்த தூளை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"மேடம் வெறும் தண்ணில நல்லா அலசினாலே போதும்னாங்க."

"உங்க மேடம் சலவை நிலையமா வச்சிருக்காங்க? ரெண்டு கரண்டி போட்டு ஊற வை. லேசா அலசு, போதும். வாசனை நிக்கட்டும்."

மறுநாள் அந்தப் பாட்டில்கள் புதுக் கண்ணாடி போல மின்னின.

அடுத்த வாரம் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். சலூன்காரர் கத்தரியைக் கையில் எடுக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"என்ன மொதலாளி, ஓடையையே சோப்புப் போட்டுத் துவைச்சுட்டீங்களாமே! இஸ்திரி எப்போ?"

கல்லூரியில் ஏதோ படம் மாட்டியிருப்பதாகவும், ஓடையைக் கெடுப்பது எங்கள் நிலையம்தான் என்று அதில் போட்டிருப்பதாகவும் சொன்னார். பாதி வெட்டிய தலையோடு எழுந்திருக்க முடியாது. உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து, கஞ்சி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு நேரே கல்லூரிக்குப் போனேன்.

தாழ்வாரச் சுவரில் ஐந்து நீலத் தூண்கள் வரைந்த படம். மூன்றாவது தூண்தான் உயரம். அதன் கீழே 'சலவை நிலையக் குழாயை ஒட்டி' என்று குண்டு எழுத்தில் இருந்தது. பக்கத்திலேயே வகுப்பறை. முப்பது பிள்ளைகள், முதல் பெஞ்சில் என் தங்கை. மேசைக்குப் பின்னால் அவளைவிட இளையவராக ஒரு பேராசிரியை.

"அந்தப் படத்தை எடுங்க," என்றேன் வாசலிலிருந்தே.

"உக்காருங்க சார். அதைப் பத்திதான் பேசிட்டிருக்கோம்."

கடைசி பெஞ்சைக் காட்டினார். நான் எங்கேயும் கடைசியில் உட்கார்ந்தவனல்ல. இருந்தாலும் அந்தக் குரலில் மரியாதை இருந்தது. உட்கார்ந்தேன்.

"ஓடைல பாசி மண்ட வைக்கற பாஸ்பேட் இருந்தா இந்த மருந்து பட்டதும் தண்ணி நீலமாகும்," என்று பிள்ளைகளிடம் தொடர்ந்தார். "நிறைய இருந்தா அடர் நீலம். போன வாரம் அஞ்சு பாட்டில் பாத்தோம், மணி அடிச்சுடுச்சு. ஆறாவதைப் பாக்கறதுக்கு முன்னாடியே நீங்க ஆர்வத்துல படத்தை மாட்டிட்டீங்க. நானும் தடுக்கல."

ஆறாவது பாட்டிலிலிருந்து எடுத்த தண்ணீரைச் சோதனைக் குழாயில் தூக்கிக் காட்டினார். நீலம்.

"அது கடைல வாங்கின தண்ணியாச்சே மேடம்!"

"அப்போ கடைக்காரர் நம்ம தலைல நல்லா மிளகா அரைச்சுட்டார்டா!"

"அவரை விடுங்க. கேன்ல மிச்சம் இருந்ததையும் சோதிச்சேன், நிறமே வரல. பாட்டிலுக்குள்ள போனப்புறம்தான் இந்த நீலம். அப்படின்னா?"

அப்படியென்றால் படம் தப்பு. எனக்கு அது போதும். பெயர் தப்பித்தது, கிளம்பலாம் என்று எழப் போனேன். அதற்குள் என் தங்கை எழுந்து நின்றாள்.

"பாட்டில் கழுவினது நான் மேடம். எங்க சலவைத் தூள்ல. அதுல பாஸ்பேட் இருக்குன்னு டப்பாவோட முதுகுலயே போட்டிருக்கு, இப்பதான் உறைக்குது. சரியா அலசவும் இல்ல. எல்லாரோட ஒரு வார உழைப்பும் என்னால வீணாப்போச்சு."

யாரோ சிரித்தார்கள். என் காது சுட்டது. அவள் தலை குனியவில்லை. அவள் சொன்னதில் ஒரு வாக்கியம் குறைந்தது எனக்கு மட்டும் தெரியும். தூளை எடுத்துக் கொடுத்தது அண்ணன், லேசாக அலசச் சொன்னதும் அண்ணன். நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் அதை அப்படியே விழுங்கிவிட்டாள். தப்பித் தவறிக்கூட அவள் பார்வை என் பக்கம் திரும்பவில்லை. இந்த வீட்டின் மானத்தை நான் ஒருவன்தான் காப்பதாக இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

எழுந்தேன்.

"தூளைக் கொடுத்தது நான். வெறும் தண்ணி போதும்னு அவ சொன்னா. நான்தான் கேக்கல. அதையும் எழுதிக்குங்க."

பேராசிரியை சிரிக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் நன்றி. இப்படி ஒரு தப்பைப் பண்ண ரொம்பச் சுத்தமான வீட்டுக்காரங்களாலதான் முடியும் சார்," என்றார். வகுப்பே சிரித்தது. நான் மீசைக்குள் அடக்கிக்கொண்டேன்.

பிறகு அவர் வெளியே போய்த் தானே படத்தை இறக்கினார். அதே இடத்தில் ஒரு தாளை ஒட்டினார். 'இங்கிருந்த அளவீடு தவறு. பாட்டில்கள் பாஸ்பேட் உள்ள தூளில் கழுவப்பட்டன. ஆறாவது பாட்டிலை நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.' கீழே அவருடைய கையெழுத்து. கறையை மேலே தெரியும்படி மடிக்கத் தெரிந்த ஒருவரை எங்கள் நிலையத்துக்கு வெளியே அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுவாரம் மீண்டும் தண்ணீர் எடுத்தார்கள். இந்த முறை பாட்டில்களை நீர்த்த அமிலத்தில் அலசி, வடிநீரில் மூன்று முறை கழுவினார்கள். நான் கரையில் நின்று பார்த்தேன், பிறகு வகுப்புக்கும் போனேன். யாரும் அழைக்கவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. சட்டை நனைய, முழங்கால் தண்ணீரில் நின்று, என் தங்கை ஒவ்வொரு பாட்டிலையும் ஓடை வரும் திசை பார்த்துப் பிடித்ததையும், மூடியின் உள்பக்கத்தில் விரல் படாமல் மூடியதையும் பார்த்தேன். முதல்தர வேலை. எங்கள் வீட்டு வேலை.

வகுப்பில் மருந்து விட்டபோது ஆறாவதில் நிறமே வரவில்லை. முதல் இரண்டிலும் இருக்கிறதா இல்லையா என்பது போல ஒரு சாயல். மூன்றாவது நீலம். பழைய படத்தின் அளவுக்கு இல்லை, ஆனால் நீலம்தான். நான்காவது, ஐந்தாவதில் அது மங்கிக்கொண்டே போனது.

"படத்தை நீங்க வரையறீங்களா?" என்று பேராசிரியை கேட்டார். தங்கை பேனாவை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, தப்பான படத்தை எடுத்தாச்சு. ஊர் வாயும் அடங்கிடுச்சு. இதை மாட்டினா மறுபடி பேசுவாங்க."

"மூணாவது நம்ம குழாய்தானே?"

"நம்மதுதான்."

"கறை போகலன்னா நாம என்ன பண்ணுவோம்?"

அவள் பாடப் புத்தகத்தைத் திறந்தாள். பக்க அடையாளத்துக்கு வைத்திருந்த எங்கள் நிலையத்து மஞ்சள் சீட்டு அதற்குள் இருந்தது. படத்தை வரைந்து முடித்ததும், மூன்றாவது தூணின் மேல் அந்தச் சீட்டைக் குத்தினாள்.

அன்றைக்கே பழைய தூளை நிறுத்தினேன். பாஸ்பேட் இல்லாத தூளில் விரிப்புகளை இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஊறவைக்க வேண்டியிருக்கிறது. வெளுப்பில் குறையில்லை. படத்தின் நகல் ஒன்றை எங்கள் முன்மேசைக்கு மேலே, துணி கொடுக்க வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் மாட்டினேன்.

சலூன்காரர் தன் துண்டுகளை வாங்கிப்போக வந்தவர் அண்ணாந்து பார்த்தார்.

"என்ன மொதலாளி, மூணாவது உசரமா நிக்குதே. யாரோடது?"

"எங்களோடது. அளந்தது என் தங்கச்சி. அடுத்த மாசம் மறுபடி அளக்கறா, வந்து பாருய்யா."