பாலம் நின்ற காரணம்

தளவாய் ஃபெயில் ஆன சங்கதி மத்தியானச் சாப்பாட்டுக்குள்ளே காலேஜ் பூராவும் பரவிவிட்டது. நாற்பதைத் தாண்டிய ஆள். பம்பாய் மாட்டுங்காவில் இன்ஜினியரிங் பாடம் நடத்துகிறவர். டிகிரிக்கு நிகரான பரீட்சையைத் தன்னிடம் படித்த பையன்களோடு ஒரே ஹாலில் உட்கார்ந்து எழுதி, அவர்களில் பலர் பாஸாக, வாத்தியார் கோட்டைவிட்டார். சிரிக்கமாட்டார்களா?

அவர் அப்பன் தாராவி தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றே கால் வெந்துபோனவன். மகன் மகாயுத்தத்தின்போது, பட்டாளத்துக்குப் பாலமும் ரோடும் போடுகிற சேப்பர்ஸ் படையில் மண்வெட்டி பிடிக்கச் சேர்ந்தான். பர்மாக் காட்டில் பாலம் போட்டான். பட்டாளமே படிக்கவைத்து டிப்ளமா கொடுத்து, கேப்டனாகவும் ஆக்கியது. சீனச் சண்டை முடிந்து வெளியே வந்தபோது காலேஜ்களில் வாத்தியார் பஞ்சம். உள்ளே எடுத்துக்கொண்டார்கள். பேராசிரியர் நாற்காலிக்கு மட்டும் டிப்ளமா போதாது என்றார்கள். அந்த நாற்காலி வருகிற ஜூனில் காலியாகிறது. மறுபரீட்சை மார்ச்சில். அதிலும் தோற்றால் நாற்காலி வானமாமலைக்கு. அதே காலேஜ் வாத்தியார், டிகிரி உள்ளவர், பத்து வயசு இளையவர், மாட்டுங்கா பிராமணர்.

செம்பூர் வீட்டில் பெண்டாட்டி பேராச்சி கேட்டாள்: "பட்டாளமே சல்யூட் அடிச்ச ஆளுக்கு இது தேவையா? இருக்கிற வேலை போதாதா?"

"பேப்பர் திருத்துனவனுக்குக் கண்ணு பொட்டை. என் விடை அத்தனையும் சரி."

மறுநாள் முகைதீன் வந்தான். தாராவிக்காரன், அவரிடம் டிப்ளமா படித்துவிட்டு குர்லா ஃபவுண்டரியில் வேலை பார்க்கிறவன். அவனும் ஃபெயில்.

"நீங்க சொல்லிக் குடுத்ததத்தான் சார் எழுதுனேன். ஒரு எழுத்து மாறல."

அப்படியானால் கோளாறு திருத்தினவன் கண்ணில் இல்லை என்று தளவாய்க்குப் பட்டது. அவன் போனதும் நேரே வானமாமலையிடம் போனார். போகக் கால் கூசியது. போனார்.

"பேப்பர்ல நான் எழுதுனதைப் போர்டுல எழுதுதேன். எங்க ஓட்டைன்னு சொல்லும்."

மரப்பாலக் கணக்கு. இத்தனை அடி நீளம், இத்தனை டன் லாரி, உத்தரம் எவ்வளவு கனம் வேண்டும்? தளவாய் ஒரே வரி எழுதிவிட்டு சாக்பீஸை வைத்தார். பட்டாளத்து அட்டவணை அவருக்கு மனப்பாடம். குண்டு விழுகிற இடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? அட்டவணையைப் பார், மரத்தை வெட்டு, போடு.

வானமாமலை பலகையைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"விடை சரி ஓய். வழி எங்கே?"

"வழி எதுக்கு? இந்தக் கனத்துல நான் போட்ட பாலத்து மேல ஒரு படையே போச்சு. நின்னுது."

"நின்னுது. ஏன் நின்னுதுன்னு கேக்கறா."

ஏன் என்று பட்டாளத்தில் தளவாய் யாரையும் கேட்டதில்லை. கேட்டவனுக்கு முதுகில் மூட்டையைக் கட்டி ஓடவிடுவார்கள். அதே ஆர்டரைத்தான் இத்தனை நாளும் வகுப்பில் பாடம் என்று கொடுத்திருக்கிறார்.

"எனக்குச் சொல்லிக் குடும்."

"நீர் பாஸானா நாற்காலி எனக்கு இல்ல, தெரியுமோ?"

"தெரியும். அதனாலதான் உம்மகிட்ட கேக்கேன். பரிதாபப்பட்டு பொய் சொல்லமாட்டீர்."

வானமாமலை சிரித்துவிட்டார். "சரி. ஆனா திட்டுவேன்."

வீட்டுக்கு அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் தளவாய் போயிருக்கமாட்டார். தாராவியில் பிறந்தவனுக்கு மாட்டுங்கா வீடுகளில் எந்த வாசல் வரைக்கும் இடம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். காலேஜ் முடிந்ததும் காலி வகுப்பறை. தளவாய் முகைதீனையும் வரச்சொல்லிவிட்டார். ஷிப்ட் முடிந்து கரி மூஞ்சியோடு அவன் பின்பெஞ்சில் உட்காருவான். முன்பெஞ்சில் அவனுடைய வாத்தியார்.

"கேப்டன், மறுபடி விடைக்குத் தாவறீரே! பாரம் எங்கே இறங்கறது, மரம் எங்கே வளையறது, முதல்ல அதைச் சொல்லும். போறும் உம்ம அட்டவணை!"

முகைதீன் பின்னால் குனிந்துகொண்டு சிரிப்பான். தளவாய் திரும்பிப் பார்க்கமாட்டார். அழிப்பார், மறுபடி எழுதுவார். தொட்டியில் இறங்கினவன் நாறுதே என்று பாதியில் ஏறினால் கூலி கிடையாது.

மார்ச்சில் ஹால். அதே மாதிரி உத்தரக் கணக்கு வந்தது. அடியிலிருந்து ஏறிப் போட்டார். கணக்கு பத்து அங்குலம் என்றது. தலைக்குள் அட்டவணை பன்னிரண்டு என்று கத்தியது. பன்னிரண்டு வருகிற மாதிரி நடுவில் ஒரு எண்ணைத் தட்டிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? பேனாவை வைத்துவிட்டு கேள்வியை மறுபடி படித்தார். காய்ந்த மரம், அசையாத பாரம் என்றிருந்தது. பர்மாவில் அவர் வெட்டியது பச்சை மரம்; மேலே ஓடியது குலுங்குகிற லாரி. அந்த இரண்டு அங்குலம் அதற்கு! அத்தனை வருஷமும் அவர் தூக்கிச் சுமந்த எண்ணுக்குள்ளே என்ன இருந்தது என்று அப்போதுதான் பிடிபட்டது. பத்து என்றே எழுதினார்.

இரண்டு பேரும் பாஸ். ஜூனில் நாற்காலி வந்தது. வானமாமலை கை கொடுத்தார், முகம் கொஞ்சம் கறுத்துத்தான் இருந்தது. "அடுத்தது எனக்கு ஓய்."

"உமக்குத்தான்," என்றார் தளவாய்.

வகுப்பில் பழைய பையன்களை நிற்கவைத்து, போன வருஷப் பாடம் முழுவதும் முதலிலிருந்து என்றார்.

"அப்ப போன வருஷம் நீங்க சொன்னது தப்பா சார்?" ஒருத்தன் குசும்பாகக் கேட்டான்.

"தப்பில்லடே. பாதி. மீதி இன்னைக்கு. உக்காரு."