பக்கீர் பாய் ஈக்குப் பழம் போட்ட கதை

1
இந்தக் கதை எனக்கு அரை டஜன் வாழைப்பழத்தோடு இலவசமாக வந்தது. கள்ளக்குறிச்சியில் பக்கீர் முகமது பாயிடம்தான் பதினைந்து வருடமாகப் பழம் வாங்குகிறேன். போன மாதம் பாய் ஒரு விஷயம் சொன்னார். நேற்று அவர் மகள் ஜெபீனா இன்னொன்று சொன்னாள். அவர் சொன்னது அவளுக்குத் தெரியாது, அவள் சொன்னது அவருக்குத் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும், என்ன செய்ய?

2
முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: ‘கல்வராயன் மலையில் எட்டுப் பேர் ஒரு டோலியைச் சுமந்து...’

(நிறுத்திவிட்டேன். மலைப்பாதையில் எனக்கு வாந்தி வரும். அது ஒரு காரணம்.)

ஜெபீனா சென்னையில் பழ ஈக்களை ஆராய்கிறாள். ஈயின் வயிற்றில் முட்டை உருவாகும்போது ஏழெட்டு செல்கள் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பி, ஒன்றையொன்று பிடித்தபடி, பெரிய செல்களின் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு போகுமாம். போய்ச் சேர்ந்தால்தான் முட்டை கருவாக வழி திறக்கும். கூட்டத்தின் நடுவிலுள்ள இரண்டு செல்களுக்கு நடக்கத் தெரியாது. மற்றவை சுமந்து போகும். அதனால்தான் டோலி. அவளிடம் படித்துக் காட்டினேன்.

“அங்க யாரும் பாவம் பாத்துத் தூக்கறதில்ல அங்கிள்,” என்றாள்.

டோலி வரியை அடித்துவிட்டேன்.

3
அவள் மூன்று வருடமாக வளர்க்கும் ஈ வகையில் அந்தச் செல் கூட்டம் பாதி வழியில் தயங்கும், தாமதமாகவே போய்ச் சேரும். அதுதான் அவளுடைய கண்டுபிடிப்பு. கத்திரி வெயிலில் ஆய்வகத்து ஏசி கெட்டுப்போக, ஈக்கள் மிஞ்சிய குப்பிகளை ஊருக்குக் கொண்டுவந்தாள். உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போன இரண்டு நாளும் அவற்றை அத்தாவிடம், அதாவது பாயிடம், விட்டுவிட்டுப் போனாள்.

ஆயுள் முழுக்க ஈ விரட்டிய மனிதர், அந்த இரண்டு நாள் ஈயைக் காவல் காத்தார். குப்பியின் அடியில் ஏதோ கூழ். அவருக்கு மனசு கேட்கவில்லை.

“பழ ஈன்னு பேர வெச்சுக்கினு கூழு ஊத்தியிருக்குது சார். குப்பி வாயில அடச்சிருந்த பஞ்ச எடுத்து ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் பழம் போட்டேன். ஜெபீனாகிட்ட சொல்லாதீங்க, சிரிக்கும்.”

கனிந்த பழத்தில் கடை ஈ முட்டையிட்டிருக்கும். பாய்க்குத் தெரியாததில்லை, அன்றைக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த முட்டைகள் குப்பிக்குள் பொரித்து அவள் ஈக்களோடு கலந்துவிட்டன. கடை ஈயின் செல்கள் எங்கும் தயங்குவதில்லை.

4
“இப்ப பாதி முட்டையில நேரத்துக்குப் போய்ச் சேந்துடுது அங்கிள். அப்போ முன்னாடி நான் பாத்ததே தப்பு.”

திங்கட்கிழமை பேராசிரியரிடம் மூன்று வருட வேலையையும் வேண்டாமென்று சொல்லப் போகிறாள். அழவில்லை. அழுதிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். (பொய். அப்போது என் வாயில் பழம் இருந்தது, அதையே சாக்காக வைத்துக்கொண்டேன்.)

5
முடிவு ஒன்று: மகளிடம் சொல்கிறேன். வேலை பிழைக்கிறது. பாய் இனி அவள் பொருள் எதையும் தொடமாட்டார்.

முடிவு இரண்டு: பாயே சொல்லட்டும். இதற்காக இன்று காலை கடைக்கே போனேன். “பாய், அந்தப் பழம்...” என்று இழுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“ஏசி இன்னும் சரியாவல. இந்த தபாவும் குப்பிய எங்கிட்டதான் குடுத்திருக்குது சார். எம்மேல அவ்ளோ நம்பிக்கை.”

சொல்லிக்கொண்டே, நன்றாகக் கறுத்த பழமாகப் பார்த்து ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார்.

முடிவு மூன்று:

(எழுத வரவில்லை. இந்தக் கதையை இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். முதலில் யாரிடம் கொடுப்பது, அத்தாவிடமா, மகளிடமா? நான் கோழை, நீங்கள் சொல்லுங்கள். இன்று சனிக்கிழமை.)