ஈரம் ஏறா வீடு

தைத் திங்களின் விடியற்பொழுது அக்கரப்பத்தனை மலைகளின்மேல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளத்தாக்கிலிருந்து எழுந்த வெண்பனி, தேயிலைச் செடிகளின் தலை தடவி, நிழல்மரங்களினிடையே புகுந்து, மேட்டிலிருந்த தோட்டத்துரையின் மாளிகையைத் தொடாமல் ஒதுங்கி, கீழே வரிசையாய்க் கிடந்த தொழிலாளர் லயத்துக் கூரைகளின்மேல் விடாப்பிடியாய்ப் படுத்துக்கொண்டது. பனிக்கும் ஆள் பார்த்துப் பழகத் தெரியும் போலும்.

அந்த லயத்தின் கடைசி அறையில் வாழ்ந்தான் அழகன். கல்வேலையும் மரவேலையும் கைவந்தவன். தோட்டத்தில் எதை எழுப்பினாலும் அவனைக் கேட்டே எழுப்புவர். அவன் மனைவி ஜெயந்தினி கொழுந்து பறிப்பவள். எட்டுத் திங்கள் நிறைந்த அவர்கள் மகள் கிருஷாந்திக்குப் பிறந்த நாள்தொட்டே மூச்சிளைப்பு. ஈரத்தரையில் பிள்ளையைக் கிடத்தாதீர் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். கிடத்துவதற்கு ஈரமற்ற தரை எது என்பதை மட்டும் அவர் எழுதவில்லை.

அன்று காலை லயத்துக்கு மேலிருந்த சமநிலத்தில் முளையடித்துக் கயிறு கட்டினர். துரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரை விரித்த படத்தை அழகன் எட்டிப் பார்த்தான். ஆங்கில எழுத்து அவனுக்கு எட்டாது. கோடும் எண்ணும் எட்டும். ஒரே கூரையின்கீழ் ஒட்டி ஒட்டிப் பத்து அறைகள். ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. தரைக்குமேல் நான்கடி உயரத் தூண்கள். தேர்தல்தோறும் சொல்லப்பட்டுத் தேர்தல்தோறும் மறக்கப்பட்ட வீடு இதுதானோ?

“ஐயா, இது வீடுங்களா?”

“வீடுதான் அழகா. அடியில ஈரம் ஏறாம, காத்து நல்லா வந்து போற வீடு,” என்றார் சின்னத்துரை. அவர் பொய் சொல்லவில்லை. படத்தின் தலைப்பிலும் வீடு என்றே இருந்தது. அதற்கு முன்னிருந்த ஒரு சொல்லை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சேதி லயமெங்கும் பரவியது. அழகன் அதன்பின் வேலை செய்த விதமே வேறு. நீள்பக்கம் கிழக்கு மேற்காய் அமைய நூல் பிடித்து, தூண்களின் அடியில் கல்லைத் தட்டித் தட்டிப் பார்த்து இறுக்கி, சாரல் நுழையாதபடி கூரையின் விளிம்பைச் சொன்னதினும் ஒரு சாண் நீட்டி, கிழக்கிலிருந்து இரண்டாம் அறையைத் தனக்கென மனத்துள் குறித்துக்கொண்டு, அதன் நிலையை இருமுறை இழைத்தான். ஜெயந்தினி கடைத்தெருவில் ஒரு பித்தளைப் பானை வாங்கி, பழைய சேலையில் சுற்றி எடுத்துவைத்தாள். புதுமனையில் பால் காய்ச்சுமுன் அதில் பச்சைத்தண்ணீரும் படக்கூடாது என்றாள்.

சித்திரையில் தரைப்பலகை வந்தது. இரு பலகைகளுக்கிடையே விரல் நுழையும் இடைவெளி விட்டு அடிக்கச் சொன்னார் சின்னத்துரை. அழகன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

“ஐயா, இவ்வளவு சந்து விட்டா தவழுற புள்ளைக்குக் கால் மாட்டிக்குமேங்க.”

“எந்தப் புள்ளை? இது ஆட்டுக் குளம்புக்கு அளந்த சந்து. புழுக்கை கீழ விழணும், கால் மேல நிக்கணும்.”

பிறகு அவர் பொறுமையாகவே விளக்கினார். எருவுக்காகச் செம்மறிகள் வருகின்றனவாம். ஓர் அறைக்குப் பத்து. அதற்குமேல் நெருக்கினால் நோய் பரவுமாம். ஈரத்தில் படுத்தால் நெஞ்சில் சளி கட்டிச் செத்துவிடுமாம். அழகன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மிஞ்சும் பலகையில் நாலைந்து தன் அறைக்குக் கிடைக்குமா என்று கேட்டான். லயம் கம்பெனியின் உடைமை, அதில் எதையும் மாற்றலாகாது என்று விடை வந்தது. அவன் மறுபடியும் சுத்தியலை எடுத்துக்கொண்டான். ஓர் ஆணியும் கோணவில்லை.

வைகாசியில் திறப்பு நாள் குறித்தனர். உங்கள் வழக்கப்படியே பால் காய்ச்சிவிடலாமே என்று சின்னத்துரைக்கு ஆசை. புதுப்பானை யாரிடமும் இல்லை. ஜெயந்தினி லயத்துக்கு இறங்கிப்போய், சேலைச் சுற்றைப் பிரித்துத் தன் பானையைக் கொண்டுவந்தாள். வாசலில் மூன்று கல் கூட்டி மூட்டிய தீயில் பால் கிழக்கே பொங்கி வழிந்தது.

“பொங்கிருச்சுங்க. குடி வர்றவங்க நோய்நொடி இல்லாம இருக்கட்டும்,” என்றாள். சுற்றி நின்றோர் சிரித்தனர். அவள் சொல்லில் பகடி இல்லை. அதுதான் அழகனுக்குப் பொறுக்கவில்லை.

ஆனியில் மழை பிடித்தது. மேட்டில் நூறு செம்மறிகள் உலர்ந்த பலகைமேல் கால் மடித்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. கீழே, பட்டப்பகலிலும் இருண்ட அறையில், இளைத்து இளைத்துத் தூங்கும் பிள்ளையின் தலைமாட்டில், கூரை ஒழுக்கின்கீழ் அந்தப் பித்தளைப் பானை இருந்தது. அது நிறையும்போதெல்லாம் ஜெயந்தினி எழுந்து வெளியே கொட்டினாள். அழகன் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி அமர்ந்திருந்தான்.

அன்பரே, ஆட்டுக்கு வரைந்ததை ஆளுக்கென்று எண்ணிய அவன் பேதைமையை நகைக்க வேண்டா. ஒரே கூரையின்கீழ் ஒட்டி ஒட்டிப் பத்து அறைகள் என்பதன்றி, மனிதர்க்கென்று வேறொரு வீட்டை அவன் குலம் ஐந்து தலைமுறையாய்க் கண்டதில்லை. அந்தப் படத்தில் ஒன்றே ஒன்று அவன் ஐயுற்றிருக்க வேண்டும்: லயத்து மனிதர்க்கு அது அளவுமீறி நல்ல வீடாய் இருந்தது.