இலைமேல் ஒரு விரல்

சாம்பல் நிறத்தில் ஓர் இலை. அதன் மேல் ஒரு விரல். விரல் போன வழியில் ஒரு பச்சைக் கோடு.

அக்காவின் ஜன்னலுக்கு வெளியே நான்கு புங்கை மரங்கள் நின்றன. கை நீட்டினால் இலை தொடும். இலைகளுக்கு அந்தப் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். இந்தப் பக்கம் என் அக்கா.

அக்காவின் பெயர் செண்பகவல்லி. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் தைக்கிறாள். அவளுக்கு இழுப்பு. தையல் மெஷினின் ஒரு பக்கம் நூல்கண்டு, மறுபக்கம் இன்ஹேலர். ஜன்னலை மூடினால் அறை அடுப்பு. திறந்தால் சாலை.

எதிரே முன்பு வெட்டவெளி. காற்று வரும், போகும். பிறகு அங்கே எட்டு மாடி எழுந்தது. இப்போது காற்று வருகிறது, சுவரில் முட்டி நிற்கிறது. லாரி போய்விடும். அதன் புகை எங்கள் சந்தில் குடியிருக்கும்.

மாசியில் ஒரு காலை. எட்டு மாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் சுகவனம் மரத்தடியில் நின்றார். அங்கே நிறுத்தியிருந்த அவருடைய வெள்ளைக் கார் மேல் கரும்பொடி.

"இந்த மரந்தாம்மா. தெனம் அழுக்கு கொட்டுது. வெட்டிடலாம்னு மீட்டிங்ல முடிவாயிடுச்சு."

ஜன்னலிலிருந்து அக்கா சொன்னாள்: "கொட்றது லாரி சார். மரம் அத புடிச்சி வெச்சிக்குது. தாங்க முடியாததத்தான் கீழ விடுது."

"மரத்துக்கு நீ வக்கீலா?"

"வண்டிக்குக் கவர் வாங்கிப் போடுங்க. என் நெஞ்சுக்கு எந்தக் கடையில சார் கவர் விக்கிறான்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுகவனமும் சிரித்தார். சிரித்து முடித்து, மரம் வெட்டுகிறவனுக்குப் போன் போட்டார்.

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

பங்குனி. தளிர் விடுகிற வாரம். ரம்பம் காலையில் தொடங்கி மதியச் சோற்றுக்குள் முடித்துவிட்டது. நான்கு மரங்கள். நான்கு வட்டங்கள்.

அறைக்குள் அத்தனை வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் மிதந்ததை எல்லாம் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கோடு நின்றுவிடுமாம். தெரியாததுதான் நெஞ்சின் அடிவரை போகுமாம். ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

போயிற்று. அக்காவின் அடிவரை போயிற்று. காலர் கறுத்ததென்று சட்டைகள் திரும்பி வந்தன. வாசலிலிருந்து குழாயடிவரை போக அவளுக்கு இரண்டு முறை நிற்க வேண்டியிருந்தது.

நான் வெறுத்தேன். எட்டு மாடியை, அதன் கண்ணாடிகளை, மூடிய கண்ணாடிகளுக்குப் பின்னால் இரைகிற ஏசிகளை. வானத்தையும்தான். மழை தராத வெள்ளை வானம்.

தினமும் காலையில் சுகவனத்தின் கார் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தேன். தினமும் துடைத்தார்கள். தினமும் தூசி வந்தது. தினமும் நான் வந்தேன். மரம் இல்லை. அழுக்கு இருந்தது. அதை அவர் பார்க்க வேண்டும்.

சித்திரையில் ஒரு நாள் கரன்ட் போய், எட்டு மாடியின் கண்ணாடிகள் திறந்தன. அங்கிருந்து இருமல் கேட்டது. சுகவனத்தின் வீடு. விடாத இருமல். நான் சிரித்தேன்.

அக்கா மெஷினை நிறுத்தினாள்.

"சந்தோஷமாடி?" மூச்சு நடுவில் உடைந்தது. "அது கொழந்தடி. அவர் பேத்தி. நல்லா கேளு. கடைசில விசில் அடிக்குது."

கேட்டேன். அந்த விசில் எனக்குத் தெரியும். பதினோரு வருடமாக அதன் பக்கத்தில் படுத்திருக்கிறேன்.

மறுநாள் காலை சுகவனம் எங்கள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். காரைப் பார்க்கவில்லை. அடிக்கட்டைகளையும் பார்க்கவில்லை.

"இழுக்கறப்ப எப்படிம்மா உக்கார வெக்கணும்?"

நான் வாயைத் திறந்திருந்தால் வேறு ஏதாவது வந்திருக்கும்.

"கொஞ்சம் முன்னால சாஞ்சாப்ல சார்," என்றாள் அக்கா. "படுக்க வெச்சிடாதீங்க. நிக்கலன்னா ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

அவர் தலையாட்டினார். எதையோ சொல்ல நின்றார். லாரி ஒன்று கடந்தது. அது போனதும் சாலையைக் கடந்தார். படியேறிப் போனார்.

நான் மன்னிக்கவில்லை. கீழே இறங்கினேன். கார் இரண்டு நாளாகத் துடைக்காமல் கிடந்தது.

சாம்பல் நிறத்தில் ஒரு தகடு. அதன் மேல் என் விரல். இழுத்தேன்.

அடியில் வெள்ளை. இன்னும் அழுத்தி இழுத்தேன். பச்சை வரவில்லை.